அந்துவான் போமே

சோளிங்கரிலிருந்து இராணிப்பேட்டைக்குப் பேருந்தில் செல்லும் நம் மாணவர்கள், தோல் வாடை வீசத் தொடங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். அந்த வாடைக்கு நடுவே பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர் நாள்தோறும் புழங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தோலுக்கு அமிலம் விடுவதற்கு முன், உப்புக் கரைசல் எத்தனை போமே என்று திரவமானியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். ஆறேழு போமேக்குக் கீழே குறைந்துவிட்டால், அமிலம் பட்ட தோல் உப்பிப் பாழாகும். வேதியியல் படிக்கும் எனக்கு, அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று அறியும் ஆவல் எழுந்தது.

அந்துவான் போமே 1728ஆம் ஆண்டு சான்லிஸ் என்னும் ஊரில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாரிசில் மருந்துக் கடையில் தொழில் பழகி, 1752இல் மருந்தாளர் ஆனார். பொட்டலம் மடிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. வேதியியல் கற்பித்தார், நூல்கள் எழுதினார். ஈயம் பூசுவோர் பயன்படுத்துகிறார்களே நவச்சாரம், அதை எகிப்திலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த பிரான்சிலேயே ஆலை அமைத்துச் செய்தார்.

அவர் காலத்துத் திரவமானிகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. செய்தவர் கீறியதே அளவு. 1768இல் போமே கண்ட வழி எளிமையானது. தூய நீரில் மிதக்கும் இடம் சுழி. 15 பங்கு உப்பும் 85 பங்கு நீரும் சேர்ந்த கரைசலில் மிதக்கும் இடம் 15. இடையே சமமாகப் பிரித்து, அதே இடைவெளியில் கீழே கோடுகளை நீட்டு. அவ்வளவுதான்! தராசும் உப்பும் நீரும் உள்ள எவரும், எந்த ஊரிலும், இந்த அளவைத் தாமே செய்துகொள்ளலாம். அவருடைய பெருமை இதில்தான் என்பது என் கருத்து.

ஆயினும் கருவியைப் பிடிக்கத் தெரிய வேண்டும். கரைசல் சூடாயிருந்தால் அளவு குறைத்துக் காட்டும். உப்பை மேலும் கொட்டுவோம். கழிவாகும் உப்பைத் தாங்கித் தாங்கி நம் பாலாற்றுப் படுகை பட்ட பாடு ஊரறிந்தது. குமிழிகள் ஒட்டிக்கொண்டால் கருவி மேலெழும்பி அளவைக் கூட்டிக் காட்டும். போதுமென்று நம்பி அமிலத்தை விட்டால் தோல் போயிற்று. மேனாட்டில் கோதுமை பீர் காய்ச்சுவோரும் இந்தக் குமிழித் தொல்லைக்குத் தப்பவில்லை. நொதிக்கும் சாற்றில் எழும் வாயு அவர்கள் திரவமானியையும் தூக்கிவிடும். போதாததற்கு, உண்டாகும் சாராயம் நீரினும் இலேசானதாகையால், எஞ்சிய சர்க்கரை உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். எனவே குமிழி அடங்க விட்டு, கருவியைச் சுழற்றிவிட்டு, திரவ மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் படிக்க வேண்டும். வெப்பநிலையையும் உடன் குறிக்க வேண்டும்.

உப்பின் தூய்மையும் வெப்பமும் இடத்துக்கு இடம் மாறியதால், போமேயின் அளவே பின்னாளில் பலவாகக் கிளைத்தது. அமெரிக்கர் ஒரு கணக்கு, ஒல்லாந்தர் ஒரு கணக்கு!

கொள்கையில் அவர் பழைமைவாதி. லவாய்சியரின் புதிய வேதியியலை ஏற்காமல், எரிதலுக்குப் புளோஜிஸ்டனே காரணமென்று நின்றார். அதில் அவர் தோற்றார். கண்ணாடிக் குழாயில் வென்றார். 1780இல் தொழிலைவிட்டு ஆராய்ச்சியில் இறங்கியவரின் செல்வத்தைப் பிரெஞ்சுப் புரட்சி பறித்தது. லவாய்சியர் 1794இல் தலையையே இழந்தார். போமே முதுமையில் மீண்டும் வணிகத்துக்குத் திரும்பி உழைத்து, 1804 அக்டோபர் 15ஆம் நாள் பாரிசில் காலமானார்.