கருநீரைத் தம் பெயராக்கிய டாக்டர் திவான் சிங்

நம் அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைக் கடவாமல் நம்மவர்க்குப் பொழுது போவதில்லை. கடைக்குச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், கப்பல் வரும் நாளை விசாரிப்பதும் இவ்வட்டாரத்திலேயே நிகழ்கின்றன. இங்கேயே டாக்டர் திவான் சிங் பெயர் தாங்கிய குருத்வாரா ஒன்று உளது. அப்பெயரை நாள்தோறும் வாசிக்கின்றோம். ஆயின், அப்பெயருக்குரியவர் யார் என்று நம் குழந்தைகள் வினவினால் விடை கூற வல்லார் நம்முள் எத்தனை பேர்? அக்குறையைச் சிறிது போக்கவே ஆண்டு விழா மலரில் இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

திவான் சிங் 1897-ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். மருத்துவம் பயின்று, இராணுவ மருத்துவப் பிரிவில் பணி ஏற்றார். இரங்கூனில் சில காலம் இருந்தபின், 1927-இல் அந்தமானுக்கு மாற்றப்பட்டார்.

அக்காலத்து அந்தமானை நாம் மனக்கண்ணால் காண்டல் வேண்டும். 1858 முதல் இது தண்டனைத் தீவு. கருநீர் எனப் பொருள்படும் காலாபாணி என்ற சொல்லைக் கேட்டாலே தாய்நாட்டில் தாய்மார் நடுங்குவர். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறை கடலை நோக்கி நின்றது. கைதிகள், விடுதலை பெற்றும் ஊர் திரும்பாதோர், அவர்தம் மக்கள், பல மாகாணத்துச் சிப்பாய்கள், உத்தியோகஸ்தர்கள் எனப் பல மொழியினர் இங்கு ஒருங்கு வாழ்ந்தனர். மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தருக்கோ அடுத்த மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்பதே கவலை. அதுவரை ஆஸ்பத்திரி வேலையை ஒழுங்காகச் செய்து சம்பளம் பெற்றால் எவரும் குறை கூறார்.

திவான் சிங் அவ்வாறு இருந்தாரில்லை. பிறர் அஞ்சிய அச்சொல்லையே எடுத்துத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டார். காலேபாணி என்பதே அவர் புனைபெயராயிற்று. இவ்வூர் தமக்கு இடைத்தங்கல் அன்று, தமது ஊரே என்று அவர் கொண்டதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊரைத் தமதாகக் கொண்டவர் ஊரின் குறையையும் தமதாகக் கொண்டார். பலரும் கூடி வழிபட இடம் வேண்டுமென்று கண்டபோது, முன்னின்று குருத்வாராவை எழுப்பினார். சாதி, சமய வேறுபாடின்றி எவர்க்கும் அதன் வாயில் திறந்திருந்தது. குழந்தைகள் கல்வியின்றித் திரிவதைக் கண்டு அங்கேயே கற்பிக்க ஏற்பாடு செய்தார். பஞ்சாபி மட்டுமன்றித் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளும் அங்குப் பயிற்றப்பட்டன என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தம் இனத்தார்க்கு மட்டும் நன்மை தேடியிருந்தாலும் அவரைப் புகழ்ந்திருப்பர். அவரோ அயலார் பிள்ளைகளையும் நினைந்தார். அலுவல் ஒழிந்த நேரத்தில் கவிதை இயற்றினார். ஓடும் நீர் எனப் பொருள்படும் அவரது வக்தே பாணி என்ற தொகுதி 1938-இல் வெளிவந்தது. பஞ்சாபியில் யாப்பின் கட்டுக்கு அடங்காத புதுக்கவிதைக்கு வழி வகுத்தோருள் அவரும் ஒருவர்.

1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை இத்தீவில் இறங்கியது. இந்திய சுதந்திர லீகின் இவ்வூர்க் கிளைக்குத் திவான் சிங் தலைவரானார். தலைமை என்பது அக்காலத்தில் பெருமைக்குரிய பதவி அன்று. ஆபத்தின் வாயில் நிற்கும் காவல். ஒற்றர் என்ற ஐயத்தால் எளிய மக்கள் பிடித்துச் செல்லப்பட்டபோது, அவர்களுக்காகப் படை அதிகாரிகளிடம் பரிந்து பேசுபவராக அவர் விளங்கினார். படையினரின் இச்சைக்கென்று கொணரப்பட்ட பெண்களுக்கு இடமாகக் குருத்வாராவை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதும் அவர் வரலாற்றில் காணப்படுகிறது. மருத்துவராகிய அவர் வாய் மூடி இருந்திருந்தால் ஒருவேளை உயிர் தப்பியிருப்பார். மனைவி மக்கள் உடைய குடும்பஸ்தர். அவர் மௌனத்தை யாரும் பழித்திருக்கவும் மாட்டார். எனினும் அவர் வாய் மூடவில்லை.

1943 அக்டோபரில் அவரும் ஒற்றரென்று குற்றஞ்சாட்டப்பட்டுச் செல்லுலர் சிறையில் அடைக்கப்பட்டார். பொய்யாக ஒப்புக்கொள்ளுமாறு எண்பது நாட்களுக்கு மேல் சித்திரவதை செய்தனர். அவர் இசையவில்லை. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நேதாஜி இவ்வூருக்கு எழுந்தருளி மூவர்ணக் கொடியை ஏற்றிவைத்தார். ஊர் திரண்டு மகிழ்ந்த அந்நாளில், லீகின் தலைவராயிருந்த டாக்டர் சிறைக் கொட்டடியில் குற்றுயிராய்க் கிடந்தார். 1944 ஜனவரி 14-ஆம் நாள் அவர் ஆவி பிரிந்தது. நம்மவர் பொங்கலிடும் நாட்களே அவரது நினைவு நாளும் ஆகும்.

பலருக்கும் உதவி நின்ற அவரைக் காக்க அன்று எவராலும் இயலவில்லை. இத்துயரை மறைத்து எழுதுதல் முறையன்று. ஆயினும் அவர் கட்டிய வழிபாட்டிடம் நிலைபெற்றது; மக்களும் அவர் பெயராலேயே அதனை அழைக்கின்றனர்.

அன்பர்களே! பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து வந்தவர்கள் நாம். குழாயில் நீர் வராவிடினும், தெருவில் குப்பை குவிந்தாலும், பிள்ளைகள் தமிழெழுத்தை மறந்தாலும், இது சர்க்கார் பாடு, சங்கத்தார் பாடு என்று கூறி, ஊருக்குப் போகும் கப்பலை எதிர்நோக்கி இருந்துவிடுகிறோம். திவான் சிங்கும் மாற்றலாகி வந்தவரே. அவருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது. கண்ணில் பட்ட குறையைப் பிறர் பொறுப்பென்று தள்ளாமையே அவரை நம்மினின்றும் வேறுபடுத்தியது. அவர் அடைந்த துன்பம் நமக்கு நேர வேண்டுவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் அயல்வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து எழுத்தறிவித்தலோ, நோயுற்றவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதலோ நம்மால் இயலாத காரியமும் அன்று. அடுத்த முறை குருத்வாராவைக் கடக்கும்போது குழந்தைகளை நிறுத்தி, இவ்வூரைத் தமதூராகக் கொண்ட ஒரு மருத்துவர் கட்டியது இது என்று சொல்லுவோமாக. சொன்ன பின், நாமும் இவ்வூருக்கு ஏதேனும் ஒன்று செய்து காட்டுவோமாக.