எஃகின் ரகசியம் தேடிய கொல்லர் மகன்

அரிவாள் கூராக இருக்க வேண்டும். ஓங்கி வெட்டினால் ஒடியவும் கூடாது.

ஒரே இரும்பில் இந்த இரண்டு குணமும் அமைவது எளிதல்ல. மிகவும் கடினமான எஃகு கண்ணாடி போல உடைந்துவிடும். மென்மையான இரும்போ வளைந்துவிடும்.

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்சார மேதை என்று உலகம் புகழும் அதே பாரடேதான்!

ஏழை வீட்டுப் பிள்ளை

பாரடே 1791-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை கொல்லர். வீட்டில் வறுமை. 14-வது வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு வந்த புத்தகங்களையே படித்து அறிவை வளர்த்தார். 1813-ல் லண்டனில் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் உதவியாளர் ஆனார்.

நம் நாட்டு எஃகு

அப்போது இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஓர் எஃகைக் கண்டு வியந்தார்கள். அது இந்திய எஃகு! 'உக்கு' என்ற தென்னாட்டுச் சொல்லை 'ஊட்ஸ்' என்று மாற்றி அழைத்தார்கள்.

தொண்டாமுத்தூர் பக்கம் வெள்ளியங்கிரி மலையில் நொய்யல் ஆறு பிறக்கிறது. அதன் கரையில் உள்ள கொடுமணலில், சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கினார்கள். அகழ்வாய்வில் உலைகள் கிடைத்திருக்கின்றன.

சேலம் பக்கத்துக் கொல்லர்கள் 19-ம் நூற்றாண்டிலும் எஃகு செய்தார்கள். இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மண் குடுவையில் வைத்து மூடி, துருத்தி ஊதி உருக்கினார்கள்.

தவறான கணக்கு

கத்தி செய்யும் ஸ்டோடர்ட் என்பவருடன் சேர்ந்து பாரடே இந்த எஃகை ஆராய்ந்தார். அதில் அலுமினியம் கலந்திருப்பதே சிறப்புக்குக் காரணம் என்று எண்ணினார். அது சரியல்ல. உண்மையான காரணம் கரி! 100 பங்கு இரும்பில் சுமார் ஒன்றரைப் பங்கு கரி கலந்திருந்தது. ஆவாரங்குச்சி தந்த கரி அது. நம் கொல்லர்கள் கைப்பழக்கத்தால் கண்ட முறை!

ஆனாலும் பாரடேயின் உழைப்பு வீண்போகவில்லை. வேறு உலோகம் சேர்த்தால் எஃகின் குணம் மாறும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. வெள்ளி, பிளாட்டினம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். 500 பங்கு எஃகில் ஒரே ஒரு பங்கு வெள்ளி சேர்த்தபோது நல்ல பலன் கிடைத்தது. தாம் செய்த எஃகில் சவரக்கத்திகள் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார்!

1823-ல் ஸ்டோடர்ட் இறந்தார். எஃகு ஆராய்ச்சி நின்றது. பாரடே மற்ற ஆராய்ச்சிகளில் இறங்கினார். 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். 1867-ல் காலமானார்.

பெட்டியில் 79 துண்டுகள்

அவர் செய்த எஃகுத் துண்டுகள் ஒரு பெட்டியில் கிடந்தன. அவற்றில் 79 துண்டுகளை ஹாட்பீல்டு என்ற எஃகு நிபுணர் சோதித்து, 1931-ல் முடிவுகளை வெளியிட்டார். பிற்காலக் கலப்பு எஃகுகளுக்குப் பாரடே முன்னோடி என்பது தெரிந்தது.

கொங்கு நாட்டுக் கிணற்று மோட்டாரைப் பாருங்கள். அது ஓடுவது பாரடே கண்ட தத்துவத்தில். அதன் பேரிங் குண்டுகள் தேயாமல், உடையாமல் உழைப்பது குரோமியம் கலந்த எஃகினால்!