நடுவில் நிற்பவரைத் தேடிய கால்டன்

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரையடுத்து, 1822ஆம் ஆண்டு செல்வக் குடியொன்றில் பிறந்தவர் பிரான்ஸிஸ் கால்டன். இவருக்கும் சார்லஸ் டார்வினுக்கும் பாட்டனார் ஒருவரே. மருத்துவம் பயிலப் புகுந்து, அதை இடையில் விட்டுக் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றார். 1844இல் தந்தையார் மறைய, பிழைப்புக்காக உழைக்கும் தேவை இவருக்கு இல்லாமற் போயிற்று. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் அலைந்தார், வானிலைப் படம் வரைந்தார், கைரேகையை ஆராய்ந்தார். எங்குச் சென்றாலும் அளப்பதும் எண்ணுவதுமே அவர் வேலை. குவிந்த எண்களுக்கெல்லாம் சார்பாக எந்த ஓர் எண்ணைச் சொல்வது என்னும் கேள்வி அவரை விடவில்லை.

கூட்டி வகுத்தால் சராசரி வருகிறதே, இதில் என்ன கேள்வி என்போம். பத்து மாணவர் வேலைக்குச் செல்கின்றனர். ஒன்பதின்மருக்கு ஆண்டுக்கு 6 லட்சம், ஒருவருக்கு மட்டும் 96 லட்சம் என்று கொள்வோம். சராசரி 15 லட்சம். அதைப் பெறுபவர் பதின்மரில் ஒருவரும் இலர்! வரிசைப்படுத்தி நடுவில் பார்த்தால் 6 லட்சம். (விளம்பரத்தில் எந்த எண் பெரிய எழுத்தில் வரும் என்பதை அன்பர்கள் அறிவர்.) சம்பளத்தின் மொத்தம் வேண்டுமாயின் சராசரியே வேண்டும். தனக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பவனுக்கு வேண்டியது நடுவெண், அதாவது இடைநிலை அளவு.

ஆட்களை உயர வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரை மட்டும் அளந்தாற் போதும் என்றார் கால்டன். இடைநிலை அளவுக்கு ஆங்கிலத்தில் இன்றுள்ள பெயரை 1880களில் வழக்கிற்குக் கொண்டுவந்தவரும் அவரே. கூட்டலால் அன்றிப் பெருக்கலால் வளரும் அளவுகளுக்குப் பெருக்குச் சராசரியே பொருந்தும் என்று 1879இலேயே எழுதினார்.

இத்தனை நுண்ணறிவு படைத்தவர்தாம் 1883இல், மனிதரில் உயர்ந்த பிறப்பினரைப் பெருக்க வேண்டும் என்னும் கொள்கைக்குப் பெயரும் சூட்டினார். அதன் பெயரால் பின்னர் நிகழ்ந்த கொடுமைகள் உலகறிந்தவை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2020இல் தன் விரிவுரைக் கூடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. நீக்கியது சரியே என்பது என் எண்ணம்.

ஆனால் பொதுமக்கள் கூடி வழங்கும் தீர்ப்பைப் போற்றியவரும் இதே மனிதர்தாம்! பிளிமத் நகரக் கண்காட்சி ஒன்றில், கொழுத்த எருதை வெட்டிச் சுத்தம் செய்தபின் இறைச்சி எத்தனை பவுண்டு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. சீட்டு ஆறு பென்னி. தேறிய 787 சீட்டுகளையும் கால்டன் வாங்கி ஆராய்ந்து 1907இல் வெளியிட்டார். அவர் கணக்கில் நடுவெண் 1207. உண்மை எடை 1198. கீழ்க் கால்மானம் நடுவுக்கு 45 பவுண்டு தாழ்ந்தும், மேற்கால்மானம் 29 பவுண்டே உயர்ந்தும் இருந்தன. எண்கள் ஒருபுறம் சாய்ந்திருந்ததை அந்த இரண்டும் காட்டிவிட்டன. நடுவெண் ஒன்றே தெரிந்திருந்தால் அது புலப்பட்டிராது.

சராசரி என்ன என்று ஒருவர் கேட்டார். கணக்கிட்டால் 1197! நடுவெண்ணைவிட உண்மைக்கு மிக அருகில் வந்தது. எண்பத்தைந்து வயதுக் கிழவர் அதை மறைக்காமல் அச்சிலேயே தெரிவித்தார். ஆயினும் நடுவெண்ணின் பக்கமே நின்றார். சராசரியை எடுத்தால், ஒரு கிறுக்கன் எழுதும் பொருந்தாத எண்கூட ஊரார் முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடுமே என்பது அவர் வாதம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1911 ஜனவரியில் மறைந்தார்.