ஸர் ஜோஸப் பாஸல்ஜெட்

மாநகரங்களை எழுப்பியோரை உலகம் போற்றுகின்றது. அவற்றின் அழுக்கைப் போக்கினோரை நினைப்பார் சிலரே. அங்ஙனம் அழுக்கைப் போக்கியவருள் தலைசிறந்த ஸர் ஜோஸப் பாஸல்ஜெட்டின் வரலாற்றையும், அவர் பணியில் எஞ்சிய குறை பின்னர் நீங்கிய விதத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1819-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் என்பீல்டு என்னும் ஊரில், கடற்படை அதிகாரி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையிலேயே இஞ்சினீயர் தொழில் பயின்று, 1856-ல் லண்டன் நகர வேலைச் சபையின் தலைமை இஞ்சினீயரானார். அந்நாளில் நகரத்துக் கழிவுநீர் தேம்ஸ் நதியிற் கலந்தது. மக்களிற் பலர் அந்நதி நீரையே பருகினர். 1848, 1849-ஆம் ஆண்டுகளில் வாந்திபேதியால் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டனர். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் கரையிலுள்ள பார்லிமெண்டு மண்டபத்தினுள்ளும் புகவே, அங்கத்தினர் காலந்தாழ்த்தாது பொருளுதவ இசைந்தனர்.

பாஸல்ஜெட் நிலத்தடியில் 82 மைல் நீளமுள்ள பெருஞ் செங்கற் கால்வாய்களை அமைத்தார். அவை தெருச் சாக்கடைகளை நதியை எட்டுமுன் இடைமறித்து, நகருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் என்னும் இடங்களுக்குக் கழிவுநீரைக் கொண்டு சென்றன. ஆங்கு அது தேக்கப்பெற்று, கடல் வற்றும் வேளையில் நதியில் விடப்பட்டது. 1866-ல் மீண்டும் தோன்றிய வாந்திபேதி, இவ்வேலை முற்றுப்பெறாத கிழக்குப் பகுதியையே பெரிதும் வருத்திற்று.

ஆயினும், அழுக்கு இடம் மாறியதேயன்றி அழியவில்லை. 1878-ல் அவ்விடங்களுக்கு அருகே பிரின்ஸஸ் ஆலிஸ் என்னும் கப்பல் மூழ்கி 600-க்கு மேற்பட்டோர் இறந்தபோது, அந்நீரின் கேட்டை நாடு கண்டது. பின்னர், சுண்ணாம்பும் இரும்புப்பும் கலந்து அழுக்கைத் தொட்டிகளிற் படியவைத்து, 1887 முதல் அவ்வண்டலைக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டினர். முதற் கப்பல் பாஸல்ஜெட்டின் பெயரையே தாங்கியது. எனினும், நீரிற் கரைந்திருந்த அழுக்கு நீங்கவில்லை. 1891-ல் பாஸல்ஜெட் காலமானார்.

அக்குறையை நீக்கும் வழியை 1914-ல் மாஞ்செஸ்டர் நகரத்து ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். கழிவுநீரினுள் காற்றைச் செலுத்தினால், நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்த அழுக்கை உண்கின்றன. பின்பு அசையாது நிறுத்தினால், அவ்வுயிர்த்திரள் அடியிற் படியத் தெளிந்த நீர் மேலே நிற்கும். படிந்த திரளை எறிந்துவிடாது, அடுத்து வரும் கழிவுநீரிற் சேர்த்தால், வாரக்கணக்கில் நிகழும் வேலை சில மணி நேரத்தில் முடியும். இன்று பெக்டன், கிராஸ்னெஸ் நிலையங்களிலும் இம்முறையே நடைபெறுகின்றது. வண்டலைக் கடலிற் கொட்டும் வழக்கமும் 1998-ல் ஒழிந்தது.

பாஸல்ஜெட் காத்த உயிர்கள் எண்ணிறந்தன. ஆயினும், நம் வாயிலினின்று அகற்றிய அழுக்கு அயலார் வாயிலை அடையுமாயின் அது தூய்மையாகாது என்பதையும் அவர் வரலாற்றால் நாம் அறிகின்றோம்.