கை கொடுத்த மருத்துவர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையைச் சங்க நூல்களால் நாம் அறிவோம். அம்மலையில், 1914-ஆம் ஆண்டில், ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பால் பிராண்டு. ஒன்பதாம் வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்து சென்ற அவர், முதலில் தச்சும் கொத்தும் பயின்று, பின்னரே மருத்துவம் கற்றார். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். எங்கு நோக்கினும் மடங்கிய விரல்கள். நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அதுவோ இரும்புப் பிடியாக இருந்தது! செத்துவிட்டதென்று எல்லாரும் கைவிட்ட கையில் வலிமை மிக்க தசைகள் இருப்பதை அவர் உணர்ந்தார்.

இந்நோயின் நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்திருந்தார். எனினும், தசையை அழுகச் செய்து விரல்களை உதிர்ப்பது நோயே என்று மருத்துவர் பலரும் நம்பினர். அறுவை செய்தாலும் புண் ஆறாது என்றனர். பிராண்டு அதனை ஏற்கவில்லை.

ஒருநாள், துருவேறிய பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. அருகிலிருந்த நோயுற்ற சிறுவன் சாவியை எளிதில் திருப்பிவிட்டான். தரையில் குருதி சொட்டியது. அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை. நரம்புகள் உணர்விழந்தமையால், வலி எனும் காவலன் இல்லாத உடல் தன்னையே அழித்துக்கொள்கிறது என்பது பிராண்டுக்கு விளங்கிற்று. சிலருக்கு இரவில் விரல்கள் குறைந்த புதிரும் பின்னர் விடுபட்டது. உறங்குவோரை எலிகள் கடித்தன! அதன்பின் நோயாளர்க்குப் பூனைகள் வழங்கப்பட்டன. எம்மருத்துவ நூலும் கூறாத மருந்து அது.

நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தினார். இழந்த உணர்வை அறுவையால் மீட்க இயலாது. ஆதலின், நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் சோதிக்கவும் கற்பித்தார். ஆயினும், குணமடைந்து சென்ற சிலர் வாட்டத்துடன் திரும்பினர். நல்ல கைக்குப் பிச்சை கிடைக்கவில்லை; தழும்பு கண்டவர் வேலை தரவுமில்லை. எனவே அவர்களுக்கென வேலூரில் ஒரு குடியிருப்பை அமைத்து, தொழில் பயிற்றுவித்தார். இளமையில் கற்ற தச்சு அப்பொழுது அவருக்குக் கைகொடுத்தது.

1966-இல் அமெரிக்கா சென்று, ஆங்கும் தொழுநோயாளர்க்கே பணிபுரிந்த பிராண்டு, 2003-இல் காலமானார். அவர் கணவனை இழந்த தாயார் ஈவ்லினோ, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும்வரை இம்மண்ணிலேயே, மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றினார்.