யோபுவின் கதை கேட்ட அதிகாரி

அமரவிளையிலிருந்து நாகர்கோவில் செல்லும் பஸ் மார்த்தாண்டத்தைக் கடந்துதான் போகும். அதனருகே நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் உத்தியோகம் பார்த்தவர்.

கால்நடைகள் மாண்டன, பயிர் பொய்த்தது. மனமுடைந்திருந்தார். அப்போது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டிலனாய், யோபுவின் கதையைச் சொன்னார். குற்றமற்றவனுக்கும் துன்பம் வரும். அது கடவுளின் தண்டனை அல்ல என்பதே அதன் சாரம். வசதியாக வாழ்பவன் அதைக் கதையாகக் கேட்டிருப்பான். இழந்து நின்ற பிள்ளைக்கோ அது தம் வாழ்க்கையாகவே பட்டது.

1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்குலத்தவரான அவர், சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-ல் கைதானார். மூன்றாண்டுகள் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். துன்பத்தின் வழியே விசுவாசத்துக்கு வந்தவர் என்பதால், துன்பத்தைக் கண்டு அதை விடவில்லை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமான அவருக்கு, 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார்.