சதுரங்கப் பேராசான் போத்வின்னிக்

சதுரங்கம் என்றவுடன் நம்மவர் நினைவில் முதலில் எழும் பெயர்கள் விசுவநாதன் ஆனந்தும் குகேஷும். அது இயல்பே. ஆனால் அவ்விருவரும் பிறப்பதற்கு முன்னரே, கணிப்பொறி என்பது ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில், அந்த இயந்திரத்துக்கு ஒரு சதுரங்க வல்லுநரைப் போலச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நம்பி, தம் முதுமையை முழுவதும் அதற்கே ஈந்த ஒருவர் ருஷ்யாவில் இருந்தார். அவர்தாம் மிகயீல் போத்வின்னிக். உலக வெற்றிவீரர், மின்பொறியியல் அறிஞர், மூன்று உலக வெற்றிவீரர்களுக்கு ஆசான் என்று அவரைப் பலவாறு சொல்லலாம்.

அவரைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தோல்வி ஒன்றுதான். அதை மறைப்பானேன்? சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நம் அணியின் இரண்டாம் பலகையில் ஆடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரு மாத காலம் இரவு பகலாகக் கைபேசி மென்பொருளின் முன் அமர்ந்து, தொடக்க ஆட்டத்தில் பதினான்கு நகர்த்தல்கள் வரை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எதிரில் அமர்ந்த மாணவரோ ஒன்பதாவது நகர்த்தலிலேயே, மென்பொருள் ஒருபோதும் பரிந்துரைக்காத ஒரு சிப்பாயைத் தள்ளினார். அது தவறான நகர்த்தல் என்று எனக்குத் தெரியும். ஏன் தவறு என்பதுதான் தெரியவில்லை. முப்பது நகர்த்தல்களுக்குள் என் ராஜா சரிந்தார். அந்தத் தோல்விக்குப் பின் எங்கள் கணிதப் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்து, போத்வின்னிக்கின் ஆட்டங்கள் அடங்கிய பழைய நூல் ஒன்றைக் கையில் கொடுத்தார். அட்டை கிழிந்த அந்நூல்தான் இக்கட்டுரைக்கு வித்து.

போத்வின்னிக் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே அன்று பின்லாந்தைச் சேர்ந்திருந்த குவோக்கலா என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தாய் பல் மருத்துவர். தந்தை செயற்கைப் பல் செய்யும் தொழிலர். சதுரங்கத்தை அவர் கற்றது பன்னிரண்டாம் வயதில். இன்றைய சிறுவர்கள் ஐந்து வயதிலேயே காய்களைப் பிடித்துவிடுவதை எண்ணினால் இது காலங்கடந்த தொடக்கம்தான். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1925இல், உலக வெற்றிவீரரான காபபிளாங்கா லெனின்கிராடு நகரில் ஒரே நேரத்தில் பலருடன் ஆடிய காட்சி ஆட்டத்தில், இந்தப் பதினான்கு வயதுச் சிறுவன் அவரை வீழ்த்தினான். 1931இல் சோவியத் நாட்டின் வெற்றிவீரர். 1936இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் போட்டியில் அதே காபபிளாங்காவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வளவுக்கும் இடையே அவர் தம் படிப்பைக் கைவிடவில்லை என்பதை நம் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டும். லெனின்கிராடு பல்தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். போர்க்காலத்தில் யூரல் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்து மின்துறையிலே பணிபுரிந்துகொண்டே, கிடைத்த நேரத்தில் ஆட்டங்களுக்கு விளக்கவுரை எழுதினார். 1948இல் ஐவர் மோதிய உலகப் போட்டியில் 20 ஆட்டங்களில் 14 புள்ளிகள் பெற்று, அடுத்தவரைவிட மூன்று புள்ளி முன்னே நின்று உலக வெற்றிவீரரானார். வென்றபின் என்ன செய்தார்? மூன்று ஆண்டுகள் போட்டி ஆட்டம் எதுவும் ஆடாமல் முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கிவிட்டார்! அதன் விளைவு 1951இல் தெரிந்தது. பிரான்ஸ்டீன் என்ற இளைஞர் அவரை ஏறக்குறைய வீழ்த்தியே விட்டார். 23ஆம் ஆட்டத்தில் வென்று, 12க்கு 12 என்ற சமநிலையில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார் போத்வின்னிக்.

இனி அவருடைய பயிற்சி முறைக்கு வருவோம். என் உள்ளத்தைக் கவர்ந்தது அதுவே.

தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்வது, அதிலும் தோற்ற ஆட்டங்களை ஈவிரக்கமின்றி ஆராய்வது என்பதை அவர் ஒரு நோன்பாகவே கொண்டிருந்தார். ஆராய்ந்ததைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது, அச்சிட்டு வெளியிட வேண்டும் என்பதும் அவர் கொள்கை. வீட்டில் தனியே செய்த ஆய்வில் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்வது எளிது. அச்சேறிவிட்டாலோ நாடெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் பிழையைப் பிடித்துவிடுவார்கள் அன்றோ? புகையிலைப் புகை அவருக்கு ஆகாது. அதனால் ரகோசின் என்ற நண்பருடன் பயிற்சி ஆட்டம் ஆடும்போது, அவரைப் புகைபிடிக்கச் சொல்லி, வானொலியையும் இரைய விட்டு, அந்தச் சூழலிலேயே சிந்திக்கப் பழகிக்கொண்டார். 1960இல் 23 வயதே ஆன தால் என்னும் மந்திரவாதியிடம் பட்டத்தை இழந்தபோது உலகம் இவரை முடிந்துபோனவர் என்றே எண்ணியது. இவரோ தாலின் ஆட்டங்களையும் தம் பலவீனங்களையும் ஒருசேர எடுத்து வைத்து ஓராண்டு ஆராய்ந்தார். மறு ஆண்டு, 49ஆம் வயதில், 13க்கு 8 என்ற கணக்கில் பட்டத்தை மீட்டார். தோற்ற வெற்றிவீரருக்கு மறு ஆட்ட உரிமை உண்டென்ற அந்நாளைய விதி அவருக்குக் கைகொடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவ்விதி நீக்கப்பட்ட பிறகு 1963இல் பெட்ரோசியனிடம் இழந்த பட்டம் மீளவேயில்லை.

அந்த 1963இல்தான் அவருடைய இளைஞர் பள்ளி தொடங்கியது. நாள்தோறும் நடக்கும் பள்ளியன்று அது. ஆண்டில் சில முறை மட்டும் நாட்டின் பல மூலைகளிலிருந்து சிறுவர்கள் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தம் ஆட்டங்களை ஆசான் முன் வைத்து விளக்க வேண்டும். ஒவ்வொருவருடைய குறைக்கும் ஏற்ப அவர் வீட்டுவேலை கொடுத்து அனுப்புவார். முதல் அணியில் வந்த கார்ப்பொவ் என்ற மெலிந்த பையனிடம் பெரிதாக எதுவும் இல்லை என்று ஆசான் கருதினாராம். அந்தப் பையன் 1975இல் உலக வெற்றிவீரன்! பேராசான்களும் தவறுவதுண்டு என்பதில் நம் போன்ற இரண்டாம் பலகைக்காரர்களுக்கு ஓர் ஆறுதல். 1973இல் பத்து வயதுக் காஸ்பரோவ் வந்தபோது அந்தத் தவறு நிகழவில்லை. 1980களின் பிற்பகுதியில் கிராம்னிக் வந்தார்.

பள்ளி ஒருபுறமிருக்க, கணிப்பொறி மறுபுறம். 1968இல் சதுரங்க ஆட்டத்தின் கணிமுறை பற்றி நூலே எழுதி வெளியிட்டார். 1970இல் போட்டிகளிலிருந்து விலகியபின் இதுவே அவர் முழுநேரத் தவம். அவர் உருவாக்க முயன்ற நிரலுக்குப் பயனீர், அதாவது முன்னோடி, என்று பெயர். மற்றவர்கள் இயந்திரத்தின் வேகத்தை நம்பினார்கள். இயலும் எல்லா நகர்த்தல்களையும் அது எண்ணிப் பார்க்கட்டும் என்றார்கள். போத்வின்னிக்கோ, வல்லுநர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லையே என்று கேட்டார். ஒரு காய் எந்த இலக்கைத் தாக்க எந்த வழியில் செல்கிறது, அவ்வழியில் துணை நிற்பவை எவை, தடுப்பவை எவை என்று பார்த்து, பயனற்ற கிளைகளை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

1977இல் கனடாவின் டொராண்டோ நகரில் கணிப்பொறிகளுக்கான உலகப் போட்டி நடந்தது. பார்வையாளராக அமர்ந்திருந்தார் போத்வின்னிக். அவர் நாட்டின் கைசா என்ற நிரல், எண்ணிப் பார்க்கும் வகையைச் சேர்ந்தது, அமெரிக்காவின் டச்சஸ் என்ற நிரலுடன் மோதியது. டச்சஸ் ராணியால் முற்றுகையிட, ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும் என்ற நிலை. கைசாவோ தன் யானையை இடையே வைத்து வீணாகப் பலிகொடுத்தது. கூடியிருந்தோர் நகைத்தனர், நிரலில் ஏதோ கோளாறு என்றனர். போத்வின்னிக்குக்கும் காரணம் புலப்படவில்லை. பின்னர் கைசாவிடமே அந்த நிலையைக் கொடுத்துக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. ராஜாவை நகர்த்தியிருந்தால், டச்சஸ் தன் ராணியையே பலியிட்டுச் சில நகர்த்தல்களில் ஆட்டத்தை முடித்திருக்கும்! அரங்கிலிருந்த அத்தனை வல்லுநர் கண்ணுக்கும் தப்பிய ஒன்றை இயந்திரம் கண்டிருந்தது. இந்தப் பகுதியைப் படித்த இரவு நான் பலகையை எடுத்து வைத்து அந்த நிலையை அடுக்கிப் பார்த்தேன். விடை தெரிந்த பிறகும், அது வந்த வழியைக் காண எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

பயனீர் ஒரு முழுப் போட்டியிலும் ஆடவில்லை. அதன் கணிமுறையின் ஒரு பகுதி மின்நிலையங்களின் பழுதுபார்ப்புப் பணிகளைத் திட்டமிடப் பயன்பட்டது. சதுரங்கத்துக்கு அது எட்டாக் கனியாகவே நின்றது. 1995 மே 5ஆம் நாள் மாஸ்கோவில் அவர் காலமானார். இரண்டே ஆண்டுகளில், நொடிக்கு 20 கோடி நிலைகளை எண்ணிய டீப் ப்ளூ என்ற இயந்திரம் அவருடைய மாணவரான காஸ்பரோவையே வென்றது. வென்றது வேகம்தான். 2017இல் வந்த ஆல்ஃபாஸீரோ, தன்னுடன் தானே ஆடிப் பயின்று, எதிரியைவிட மிகக் குறைந்த நிலைகளையே பார்த்து வென்றபோது, கிழவர் சொன்னதில் பொருள் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அதன் வழி வேறு, அவர் வழி வேறு என்பதையும் அறிவேன்.

அவர் பள்ளியின் பயன் இன்னொரு வகையில் வெளிப்பட்டது. 1985இல் ஹாம்பர்க் நகரின் எட்டு ஆட்டக்காரர்களுடன் ஒரே நேரத்தில் ஆடித் தோற்ற காஸ்பரோவ், 1987இல் அந்நகரிலேயே புதிதாக உருவான செஸ்பேஸ் என்ற மென்பொருளில் எதிரிகளின் பழைய ஆட்டங்களைத் தேடி ஆராய்ந்துவிட்டுச் சென்று 7க்கு 1 என்று வென்றார். தாலை வெல்ல ஆசான் ஓராண்டு காகிதத்தில் செய்ததை, மாணவர் கணிப்பொறியில் விரைவாகச் செய்தார். இயந்திரம் ஏட்டைப் புரட்டிக் கொடுத்தது, சிந்தித்தவர் அவர். நம் குகேஷும் சிறுவயதில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் பல ஆண்டுகள் கணிப்பொறியின் மதிப்பீட்டை ஒதுக்கிவைத்தே பயின்றார் என்று அறிந்தபோது, என் ஒரு மாத மனப்பாடத்தை எண்ணி வெட்கினேன்.

இப்போது நான் ஆடி முடித்த ஆட்டத்தை முதலில் நோட்டில் எழுதி, என் சொந்த ஆய்வை எழுதி முடித்த பிறகே கைபேசியைத் திறக்கிறேன். அந்தத் தோல்வி ஆட்டத்தையும் அவ்வாறே மூன்று பக்கம் எழுதி, சென்ற மாதம் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தேன். பலர் சிரித்தார்கள். நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது, பதினேழாம் நகர்த்தலுக்குக் கீழே யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு, பக்கத்தில் குதிரையை வைத்து வேறொரு வழி எழுதியிருந்தார்கள். எழுதியவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. வழி சரியானது.